பார்த்து வருவதா, படித்து வருவதா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் யோங் பெங் வட்டாரத்தில் ஒரு வழக்கு எழுவதுண்டு. மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே அழைத்துச் செல்வது என்பதே அவ்வழக்கு. தெற்கே சென்றால் ஜொகூர் பாரு. வடமேற்கே சென்றால் மலாக்கா. பெரும்பாலும் மலாக்காவே வெல்லும். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், பெற்றோருக்குப் பெருஞ்செலவில்லை, மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ஒருமுறை இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்தார். தோட்டத்தில் நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். “மலாக்காவுக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், அந்தக் குன்றின்மேல் இடிந்து கிடக்கும் தேவாலயத்திற்கு நம் பிள்ளைகளை ஏன் ஏற்றுகிறீர்கள்? அது நம் கோயிலா? பீரங்கியோடு வந்தவன் கட்டியதல்லவா?” என்று கேட்டார். அவையில் பாதிப்பேர் கைதட்டினர். இளம் ஆசிரியர் ஒருவர் மறுமொழி கூறினார்: “ஐயா, நாங்கள் மதத்திற்காகப் போகவில்லை, கட்டடக் கலையைப் பார்க்கத்தான் போகிறோம். அழகான இடம், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும்.” மறுபாதி கைதட்டியது.

நான் எவருக்கும் கைதட்டவில்லை. இருவரும் தவறினர் என்பது என் துணிபு. அவர்களுள்ளும் மிகுதியாகத் தவறியவர் இளம் ஆசிரியரே. முதியவரிடம் சினமாவது இருந்தது. பழங்கணக்கு ஒன்றை நினைவில் வைத்திருப்பவனுக்கே சினம் வரும். ஆசிரியரிடமோ ‘அழகு’ என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. அச்சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளை ஒரு குன்றின்மேல் ஏற்றி இறக்குவது கல்வியாகுமா?

முதியவரின் சினத்திற்கு அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1511-ஆம் ஆண்டு அல்போன்சோ தெ அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினான். குன்றினடியில் அவன் எழுப்பிய கோட்டைக்குப் பள்ளிவாசலின் கற்களும் சுல்தான்களின் கல்லறைக் கற்களும் பெயர்த்துக்கொண்டு வரப்பட்டன. அடிமைகளும் போர்க் கைதிகளும் அவற்றைச் சுமந்தனர். இன்று ‘அ ஃபமோசா’ என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் வாயில் அக்கோட்டையின் எச்சமே. இதனைச் சொல்லாமல் பிள்ளைகளை அவ்வாயிலின் வழியே நடத்திச் செல்லும் ஆசிரியர் வரலாற்றில் பாதியை மறைத்தவராவார்.

ஆயினும், கோட்டை வேறு. குன்றின்மேல் நிற்கும் கூடம் வேறு. 1521-இல் துவார்த்தே கொயெல்லு என்னும் போர்த்துகீசியத் தலைவன் அன்னை மரியின் பெயரால் அங்கே ஒரு சிற்றாலயம் கட்டினான். அப்போது இயேசு சபை என்னும் துறவியர் அமைப்பே தோன்றவில்லை. அது தோன்றியது 1540-இல். 1548-இல் அந்த ஆலயம் இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பெரிதாக்கினர். அருகே பள்ளியொன்றும் நடத்தினர். 1641-இல் டச்சுக்காரர் மலாக்காவை வென்றபின் புனித பவுலின் பெயரைச் சூட்டித் தம் வழிபாட்டிற்குக் கொண்டனர். 1753-இல் கீழே தங்களுக்கெனச் சிவந்த கிறிஸ்து ஆலயத்தைக் கட்டி முடித்ததும் மேலே இருந்ததைக் கைவிட்டு, இடுகாடாக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் அது வெடிமருந்துக் கிடங்காயிற்று. வழிபாட்டிடம், இடுகாடு, மருந்துக் கிடங்கு, சுற்றுலாத் தலம் என ஒரே கட்டடம் இத்தனை வேடம் புனைந்திருக்கிறது. பிள்ளைகளிடம் இதனைச் சொன்னால் வாய்பிளந்து கேட்பர். நாமோ, முன்னே நிற்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் சிலைக்கு வலக்கை ஏன் இல்லை என்ற கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். 1952-இல் நாட்டிய சிலை; மரம் விழுந்து கை ஒடிந்தது; சவேரியாரின் உடலிலிருந்தும் 1614-இல் வலக்கை அறுத்து உரோமுக்கு அனுப்பப்பட்டது. வழிகாட்டிகளுக்கு இக்கதை சர்க்கரைப் பொங்கல். திரும்பி வந்த பிள்ளையைக் கட்டுரை எழுதச் சொன்னால் கை போன கதையே பக்கம் முழுதும் நிரம்பியிருக்கும். பிழை பிள்ளையுடையதன்று.

இனி, அந்த அழகைப் பற்றிப் பேசுவோம். கூரையற்ற கூடத்தினுள் நுழைந்தவுடன் யாவரும் வியப்பது அந்தச் செந்நிறச் சுவரைத்தான். அது செம்புரைக்கல். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு எளிதாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டபின் இறுகும். மேனியெங்கும் புழை புழையாக இருக்கும். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற சிறுவன் ஒருவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது எங்கள் தோட்டத்துச் சாலையில் கொட்டுகிற கல்லைப்போல இருக்கிறதே!” என்றான். அன்று நான் கேட்ட சிறந்த சொல் அதுவே. ஜொகூர்த் தோட்டப்புறங்களில் செம்மண் சாலைக்குக் கொட்டும் சரளைக்கும் அந்தச் சுவருக்கும் உறவுண்டு. எங்கள் மாவட்டத்தின் பெயரே பத்து பகாட். ‘உளியால் செதுக்கிய கல்’ என்பது அதன் பொருள். கல்லின் பெயரால் அமைந்த மாவட்டத்தில் வாழும் பிள்ளைக்குக் கல்லைக் காட்டிப் பாடம் நடத்த இயலாதா?

கோவாவில் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள போம் ஜேசு பேராலயமும் இயேசு சபையார் கட்டியதே. 1594-இல் தொடங்கி 1605-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் செம்புரைக்கல் சுவரின் ‘இயற்கை அழகை’ எழுதாத பயண நூல் இல்லை. ஆனால், கட்டியவர்கள் அக்கல்லை வெளியே காட்ட விரும்பவில்லை. சுண்ணச்சாந்து பூசி மூடினர். 1950-களில்தான் அப்பூச்சு உரிக்கப்பட்டது. மழையை உறிஞ்சும் கல், போர்வை இழந்ததால் நலிகிறது என்பதால் மீண்டும் பூசவேண்டும் என்று அறிந்தோர் வாதிடுகின்றனர். ஆடை உரிக்கப்பட்ட ஒருவரைப் பார்த்து ‘என்ன எளிமை!’ என்று புகழ்வது போன்றதன்றோ நம் வியப்பு? கட்டடத்தை அறியாமல் வியந்தால் இப்படித்தான் முடியும்.

கல்லை விட்டுக் கூடத்திற்கு வருவோம். குன்றின்மேல் நிற்பது தூண் வரிசைகளால் பிளவுபடாத ஒற்றைக் கூடம். இயேசு சபையாரின் தாய்க்கோயில் உரோமிலுள்ள ஜேசு ஆலயம். 1568 முதல் 1584 வரை கட்டப்பட்டது. அதற்கு முற்பட்ட பேராலயங்கள் பலவற்றில் தூண்கள் காடுபோல் நிற்கும். பக்கத் தாழ்வாரங்களில் நிற்பவனுக்குப் பீடம் தெரியாது. குருவின் குரலும் எட்டாது. இயேசு சபையார் அதனை மாற்றினர். அகன்ற ஒரே நடுக்கூடம்; எங்கு நின்றாலும் பீடம் தெரியவேண்டும்; எங்கு நின்றாலும் மறையுரை கேட்கவேண்டும். அவர்களுடைய கோயில் கண்ணுக்காக மட்டும் கட்டப்பட்டதன்று, செவிக்காகவும் கட்டப்பட்டது. பேசுவதற்கென்றே எழுந்த கட்டடம் அது.

ஆசிரியப் பெருமக்களே, இந்த இடத்தில்தான் தமிழாசிரியருக்கு வேலை தொடங்குகிறது. கேட்பதற்கென ஒரு கூடத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? கேட்பவனுக்கு விளங்கும் மொழியில் பேசவேண்டாமா? மக்காவ் நகரில் இயேசு சபையார் கட்டிய புனித பவுல் ஆலயம் 1835-இல் தீக்கிரையாயிற்று. முகப்பு மட்டும் நிற்கிறது. அம்முகப்பில் சீன எழுத்திலேயே வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. யோங் பெங் கடைத்தெருவில் சீன விளம்பரப் பலகைகளைப் படித்து வளரும் பிள்ளை அவற்றுள் சில எழுத்துகளைப் படித்துவிடுவான். தமிழ்நிலத்திலோ அவர்கள் கல்லில் எழுதியதைவிடத் தாளில் எழுதியதே மிகுதி.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், உள்ளூர் மக்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1545-இல் மலாக்காவுக்கு வந்தபோது அதே முறையில் மலாய் மொழியிலும் ஆக்க முனைந்தார். இவர் 1552-இல் சீனக் கடலோரத் தீவில் இறந்து, உடல் 1553-இல் இக்குன்றின் ஆலயத்தில் சில திங்கள் புதைக்கப்பட்டுப் பின் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கம்பி வலையிட்டு மூடிய அவ்வெறுங்குழியைத்தான் நம் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் காசு போடுகின்றனர். அவரால் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்ட என்றிக்கே என்றிக்கசு என்னும் இயேசு சபைத் துறவி தமிழ் கற்றார்; இலக்கணம் எழுதினார்; 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் தமிழ் நூல் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோமே, அந்நூல் இதுதான்! அந்தப் பெருமையின் ஓர் இழை குன்றின்மேல் உள்ள வெறுங்குழியில் முடிந்து கிடக்கிறது. பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு நாம் இதைச் சொல்வதில்லை. குன்றைவிட்டு இறங்கிப் பள்ளிக்கு வந்து, இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடமாய்ச் சொல்கிறோம். ஈதென்ன கல்வி?

1554-இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் மறைநூலும் ஒன்றுண்டு. அதனை மொழிபெயர்த்தவர்கள் அங்கு வாழ்ந்த தமிழர் மூவர். அவர்களுடைய ஞானப்பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். பெற்றோர் இட்ட தமிழ்ப்பெயர்கள் மறைந்தன. பாதிரிமார் செய்த தமிழ்த்தொண்டு என்று நாம் எழுதும் கட்டுரைகளில் இவ்வகைத் தமிழருக்கு ஒரு வரியாவது ஒதுக்குகிறோமா? என்றிக்கசுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த நாக்கு எவருடையது? சுவருக்குக் கல் சுமந்தவனுக்கு நேர்ந்ததே நூலுக்குச் சொல் சுமந்தவனுக்கும் நேர்ந்தது.

இவை மலாக்காவோடு தொடர்பற்ற பழங்கதைகள் என்பாரும் உளர். அவர்களுக்குக் கோலாலம்பூரைக் காட்டுகிறேன். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் தனிநாயகம் அடிகள். அவர் கத்தோலிக்கக் குரு. இயேசு சபையைச் சேர்ந்தவரல்லர். ஐரோப்பிய நூலகங்களில் புழுதி படிந்து கிடந்த தொடக்ககாலத் தமிழ் அச்சு நூல்களைத் தேடித் தமிழுலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முன்னிற்பவர் அவரே. அந்தாம் தெ புரோயென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966-இல் மறுபதிப்பாக வெளியிட்டது எந்த நகரம்? சென்னையன்று, மதுரையன்று, நம் கோலாலம்பூர்! முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே நகரம், அதே ஆண்டு. மாநாட்டைப் பற்றி நம் மாணவர் அறிவர். அகராதியைப் பற்றி ஆசிரியரிலேயே எத்தனை பேர் அறிவர் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். விடை மகிழ்ச்சி தரவில்லை.

இவ்வளவும் எழுதியதால் இயேசு சபையாருக்கு நான் வெண்சாமரம் வீசுவதாக எவரும் எண்ணற்க. அவர்கள் தமிழைக் கற்றது தமிழின்மேல் கொண்ட காதலால் மட்டும் அன்று. தம் சமயத்தைப் பரப்புவதற்கே கற்றனர். கற்றபின் காதல் வந்தது என்பதற்கு வீரமாமுனிவர் சான்று. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்து, அவ்வூரைத் திருக்காவலூர் ஆக்கி, அதன்மேல் கலம்பகமும் பாடிய மனிதரின் உள்ளம் வெறும் கருவியாக இருந்திருக்க முடியாது. கோனான்குப்பத்தில் அவர் எடுத்த ஆலயத்தில் அன்னை, தமிழ்ப்பெண்ணாய்ச் சேலையுடுத்தி நிற்கிறாள், பெயரும் பெரியநாயகி. எனினும், நோக்கத்தை மறைத்துத் தொண்டை மட்டும் பேசுவது துதிபாடல். தொண்டை மறைத்து நோக்கத்தை மட்டும் பேசுவது வசைபாடல். இரண்டையும் வகுப்பறைக்குள் விடலாகாது.

அழகு, அழகு என்று மட்டும் பேசுவோருக்கு இன்னொரு கோயிலைக் காட்டவேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் இயேசு சபையார் 1872-இல் ஒரு கோயில் கட்டினர். ஒரு பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்து செல்லும் இரண்டு கூடங்கள், இடையே சுவர். ஒரு கூடத்தில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றதில் நாடார். இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவரை ஒருவர் காணலாகாது. அனைவரும் பீடத்தைக் காணவேண்டும், அனைவரும் உரையைக் கேட்கவேண்டும் என்னும் இயேசு சபைக் கட்டட நெறி சிறிதும் பிழைபடாமல் அங்கே காக்கப்பட்டது! மனிதன் மனிதனைக் காணவேண்டும் என்பது மட்டுமே கைவிடப்பட்டது. வடிவமைத்தவர் திறமைசாலிதான்; ஐயமில்லை. அத்திறமையை வியந்து படம் எடுத்துக்கொண்டு வரலாமா? 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து மேற்சாதியாரை அணுகுவதற்காகச் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுத்தாரே, அவ்விட்டுக்கொடுப்பு இரண்டரை நூற்றாண்டுக்குப்பின் சுண்ணாம்பும் கல்லுமாக எழுந்து நின்றது. 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு. சாதி, வந்தவன் கொண்டுவந்த சரக்கன்று, நாம் கொடுத்தது. முதியவரின் சினத்தில் விடுபட்டுப்போன கணக்கு இதுதான். பீரங்கியை நாம் சுட்டும்போது இந்தச் சுவரையும் சுட்டவேண்டும்.

தோட்டத்திலே லயத்து வீடுகளைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்துக்கொண்ட கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அப்பேரப்பிள்ளைகளிடம் வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றிப் பேசினால், கட்டடக் கலை என்பது அழகுக் கலை மட்டும் அன்று என்பது விளக்கமின்றியே விளங்கும்.

மீண்டும் மலாக்காக் குன்றுக்கு வருகிறேன். அதன் உட்சுவரில் பெரும் கல்லறைப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. போர்த்துகீசியமும் டச்சும் பொறித்தவை. 1598-இல் சிங்கப்பூர் நீரிணையில் இறந்த ஜப்பான் நாட்டு ஆயர், இயேசு சபையைச் சேர்ந்த பேத்ரோ மார்த்தின்சின் கல்லும் அவற்றுள் ஒன்று. தமிழ் எழுத்துக் கல் அவ்வரிசையில் இல்லை. ஆனால், குன்றிலிருந்து இறங்கி ஆற்றைக் கடந்தால், 1781-இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. டச்சுக்காரர் அளித்த நிலத்தில் எழுந்த அது, நம் நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. பெரும்பாலான சுற்றுலாக்களில் இவ்விரண்டில் ஒன்றுதான் இடம்பெறுகிறது. சமயப் பற்றாளர் நடத்தினால் கீழே மட்டும். படப் பற்றாளர் நடத்தினால் மேலே மட்டும்! இரண்டுக்கும் இடையே நடந்து செல்ல அதிக நேரம் ஆகாது. அந்த நடையைத்தான் நான் பாடத்திட்டம் என்பேன்.

2008-இல் மலாக்கா உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டபின் அங்கே கூட்டம் பெருகிவிட்டது. குன்றின்மேல் நின்று பேசினால் குரல் எடுபடுவதில்லை என்று குறைபடும் ஆசிரியர்கள் உண்டு. காலை எட்டு மணிக்கு முன் ஏறுங்கள் என்பதே என் மறுமொழி. யோங் பெங்கிலிருந்து விடியலுக்கு முன்னே புறப்பட்டால் போதும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் விழிப்பது புதிதன்று. படக்கருவிகளையும் கைப்பேசிகளையும் பேருந்திலேயே விட்டுவிடுங்கள். கூடத்தின் ஒரு கோடியில் ஒரு பிள்ளையை நிற்கவைத்துத் தமிழில் ஏதேனும் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். மறுகோடியில் மற்றவர்கள் நின்று கேட்கட்டும். கூரை இல்லாத இடத்தில் குரல் எப்படிப் போகிறது, கூரை இருந்தபோது எப்படிப் போயிருக்கும் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும், சுரண்டவேண்டாம். ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் முதற்பக்கப் படி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; அவ்வெழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். புள்ளியிட்ட எழுத்துக்கும் இடாத எழுத்துக்கும் நேரும் மயக்கத்தில் தடுமாறுவர், தடுமாறட்டும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வீரமாமுனிவர் ஏன் வேறுபடுத்தினார் என்பதை வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கற்பிக்க முடியாது.

அடுத்த சுற்றுலாவுக்கு அந்த முதியவரையும் அழைக்கவேண்டுமென்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். பேருந்தில் ஓர் இடம் அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். படியேற முழங்கால் ஒத்துழைக்காது என்கிறார். இரண்டு பையன்கள் கைபிடித்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டைக் கற்களின் கதையை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.